கொல்லும் இடத்தில் கருணைக்கு விருதா?

கேள்வி: அம்மா, நான் மருந்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் விலங்குக் கூடத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்கள் துறையின் சங்கம், மறைந்த மூத்த கால்நடை மருத்துவர் ஒருவரின் நினைவாக, ஆய்வக விலங்குப் பணியில் இருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் மனிதநேய விருது வழங்குகிறது. 26 ஆண்டுகளாக எங்கள் சுண்டெலி அறைகளைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர் ஒருவரை இதற்குப் பரிந்துரைக்க விரும்புகிறேன். விரைவில் ஓய்வு பெறப்போகிறார். அவர் கட்டுரை எழுதியதில்லை, மேடை ஏறியதில்லை. பரிந்துரைக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ‘அன்பானவர், பொறுமைசாலி, ஒருநாளும் விடுப்பு எடுக்காதவர்’ என்பதைத் தாண்டிப் போக முடியவில்லை. இதற்கிடையில் உடன் பணிபுரியும் ஒருவர், ‘ஆய்வு முடிந்ததும் அவற்றைக் கொல்வதும் நாம்தானே, இதில் கருணைக்கு விருது வேறா?’ என்று கேட்டுவிட்டார். பெரியவரிடம் சொன்னால், ‘எனக்கெதற்குத் தம்பி, வேண்டாம்’ என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் நண்பர் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் கேள்விக்கு உங்கள் கடிதம் முகம் கொடுக்காதவரை, மற்ற எதை எழுதினாலும் அது ஒட்டாது.

ஆம், கொல்வது நாம்தான். ஆய்வுக்கு வரும் சுண்டெலிகளில் பெரும்பாலானவை ஆய்வு முடிந்ததும் கொல்லப்படுகின்றன. ஈரலையும் மூளையையும் எடுத்துப் பார்த்தால்தான் மருந்து என்ன செய்தது என்று தெரியும் என்பதால் அப்படி நடக்கிறது. நம் துறையில் இதைப் ‘பலி’ என்று சொல்லும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. பலியிடுகிறவர் யாருக்கோ நேர்ந்துகொண்டு செய்கிறார். நாம் ஓர் அட்டவணைப்படி செய்கிறோம். கொல்கிறோம் என்று எழுதுங்கள். உங்கள் பரிந்துரையில் அந்தச் சொல் ஓரிடத்திலாவது இருக்கட்டும். நான் தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். கொல்லும் பேச்சையே எடுக்காத கடிதத்தைப் படிக்கும்போது, எழுதியவர் அந்த அறைக்குள் போனதே இல்லையோ என்று தோன்றிவிடும்.

விருதின் பெயரிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. சுண்டெலிக்குச் செய்வதை ‘மனித’நேயம் என்கிறோம். தமிழில் இதற்கு இதைவிடப் பொருத்தமான பழைய சொல் உண்டு: அருள். நமக்கு உறவானவர்மேல் வைப்பது அன்பு. உறவில்லாத உயிர்மேலும் பரவுவது அருள் என்று நம் முன்னோர் பிரித்துச் சொன்னார்கள். உங்கள் பெரியவருக்கும் அந்தக் கூண்டில் இருக்கும் உயிருக்கும் எந்த உறவும் இல்லை. அதற்குப் பெயர்கூடக் கிடையாது, காதில் ஒரு குறியும் அட்டையில் ஓர் எண்ணும்தான். சில வாரங்களில் அது இருக்காது என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தும், இன்று அதன் தண்ணீர்க் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்க்கிறார் அல்லவா? நண்பர் கேட்டதற்கு என்னால் தர முடிந்த விடை அதுதான். சாவை நிறுத்த அவருக்கு அதிகாரம் இல்லை. அதுவரையிலான நாள்கள் அவர் கையில் இருக்கின்றன.

இப்படி யோசிப்பது புதிதல்ல. 1926இல் சார்லஸ் ஹியூம் என்பவர் இலண்டன் பல்கலைக்கழகத்தில் விலங்கு நலச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். விலங்குகளுக்காகப் பேசுகிறவர்கள் அறிவியலாளர்களைத் திட்டிக்கொண்டும், அறிவியலாளர்கள் அவர்களை ஏளனம் செய்துகொண்டும் இருந்த காலம் அது. ஹியூம் இருவருக்கும் நடுவில் நின்றார். பின்னாளில் அந்தச் சங்கம்தான் வில்லியம் ரஸ்ஸல் என்ற விலங்கியலாளரையும் ரெக்ஸ் பர்ச் என்ற நுண்ணுயிரியலாளரையும் ஆய்வகம் ஆய்வகமாக அனுப்பிப் பார்த்துவரச் செய்தது. அவர்கள் 1959இல் வெளியிட்ட நூலில்தான் இன்று நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் மூன்று கொள்கைகளும் வந்தன: விலங்கு இல்லாமல் முடியுமானால் வேறு வழியைப் பிடி, முடியாதென்றால் எண்ணிக்கையைக் குறை, அதற்கும் மேல், தவிர்க்க முடியாத துன்பத்தைத் தணி. பயந்து நடுங்கும் விலங்கிடமிருந்து நம்பகமான அளவீடு கிடைக்காது, ஆகவே இரக்கமும் நல்ல அறிவியலும் ஒரே திசையில் போகின்றன என்பது அவர்களுடைய வாதம். அந்த நூலைப் பல ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. பர்ச் 1996இலும் ரஸ்ஸல் 2006இலும் மறைந்தார்கள். இன்று அவர்கள் பெயரிலேயே விருது இருக்கிறது. கனடாவில் 1968இல் விலங்குப் பராமரிப்பு மன்றம் தொடங்கப்பட்டபோது அதைத் தலைமையேற்று நடத்திய ஹாரி ரௌசல் பெயரிலும் ஒரு விருது உண்டு.

நினைவு விருதுகளில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. விருது யார் பெயரில் இருக்கிறதோ அவரைப் பற்றி யாரும் படிப்பதில்லை. அவர் எதற்காகப் பிடிவாதம் பிடித்தார், எந்தக் கூட்டத்தில் யாரோடு மல்லுக்கு நின்றார் என்று தேடிப் பாருங்கள். அவரிடம் பணிபுரிந்தவர்கள் இன்னும் இருப்பார்கள்; ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அறுவைக்குப் பின் வலி நிவாரணி கொடுக்காமல் விட்டவர்களிடம் அவர் சண்டை போட்டவர் என்றால், உங்கள் பெரியவர் வலியைக் கண்டுபிடித்த கதைதான் கடிதத்தில் முதலில் வர வேண்டும். புகழ்ந்து ஒரு பத்தி எழுதுவதைவிட, அவர் விட்டுச்சென்ற வேலையை இவர் செய்துகொண்டிருக்கிறார் என்று காட்டுவது அவருக்கும் மரியாதை.

இனி, என்ன எழுதுவது என்ற கேள்வி. ‘அன்பானவர்’ என்ற சொல்லை அடித்துவிட்டு, அவர் கைகளை ஒரு வாரம் பாருங்கள்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்க வேண்டும் என்றுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படியே தூக்கினேன், மற்றவர்களுக்கும் அதையே கற்றுக்கொடுத்தேன். நான் பணிபுரிந்த ஒரு கூடத்தில் நடுவயதுப் பெண் ஒருவர் பராமரிப்பாளராக இருந்தார். அவர் ஒவ்வொரு கூண்டிலும் ஓர் அட்டைக் குழாயைப் போட்டு வைத்திருப்பார். கூண்டு மாற்றும் நேரத்தில் குழாயை மெதுவாகச் சாய்த்துக் காட்டுவார். சுண்டெலி மூக்கை நீட்டி, மீசையை அசைத்து, ஒரு கணம் யோசித்து, உள்ளே போய்விடும். குழாயோடு தூக்கிப் புதிய கூண்டில் வைப்பார். ஒருமுறை அவர் கையில் இருந்த குழாய்க்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே அது பின்னங்கால்களில் உட்கார்ந்து, இரண்டு முன்னங்கால்களாலும் முகம் கழுவிக்கொண்டிருந்தது. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், ஒரு மனிதக் கையில் இருக்கிறோம் என்ற நினைப்பே அதற்கு இல்லை. நான் வாலைப் பிடித்துத் தூக்கிய எந்தச் சுண்டெலியும் அப்படி முகம் கழுவி நான் பார்த்ததில்லை. உள்ளங்கையில் சிறுநீர் கழிக்கும். திரும்பிக் கடிக்கப் பார்க்கும். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். “இப்படித் தூக்கினால் பயப்படுவதில்லை, டாக்டர்” என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். எந்த அறிக்கையிலும் எழுதவில்லை, எந்தக் கூட்டத்திலும் சொல்லவில்லை.

2010இல் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேன் ஹர்ஸ்டும் ரெபெக்கா வெஸ்ட்டும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாலைப் பிடித்துத் தூக்கப்பட்ட சுண்டெலிகள் மனிதக் கையைக் கண்டு ஒதுங்குகின்றன, பதற்றம் கூடுகிறது; குழாயிலோ குவித்த கைகளிலோ தூக்கப்பட்டவை தாமாகவே கையை நெருங்கி வருகின்றன என்று அளந்து காட்டியிருந்தார்கள். படித்த அன்று எனக்கு அந்தப் பெண்ணின் நினைவுதான் வந்தது. அதற்குள் அவர் வேலையை விட்டுப் போய்விட்டிருந்தார். அவரைப் பற்றி ஒரு வரிகூட எங்கும் இல்லை, நான் எழுதாததால். உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே பெரியவர் எப்படித் தூக்குகிறார் என்று பாருங்கள். கூண்டு மாற்றும்போது பழைய கூட்டை என்ன செய்கிறார்? மனிதர்களுக்கு வசதியாகக் குளிர வைத்திருக்கும் அறைகளில், பொதுவாக 20 முதல் 26 டிகிரிக்குள், சுண்டெலி குளிரில்தான் வாழ்கிறது. அதன் உடலுக்கு இதமான வெப்பம் 30 டிகிரியை ஒட்டியது. அந்த இடைவெளியை அது கூடு கட்டித்தான் நிரப்பிக்கொள்கிறது. ஆறு முதல் பத்து கிராம் அளவுக்குக் கிழிக்கத்தக்க காகிதம் கிடைத்தால் குவிமாடம் போல ஒரு கூடு கட்டிவிடும். நல்ல பராமரிப்பாளர்கள் கூண்டு மாற்றும்போது அழுக்கான படுக்கைத் தூளைக் கொட்டிவிட்டு, கூட்டின் ஒரு பகுதியை மட்டும் புதிய கூண்டுக்கு எடுத்துவைப்பார்கள். பழகிய வாசனை இருப்பதால் ஆண் சுண்டெலிகள் ஒன்றையொன்று கடித்துக் குதறுவது குறைகிறது. இதைப் பின்னால் ஆய்வாளர்களும் உறுதிசெய்தார்கள். உங்கள் பெரியவர் இதைச் செய்கிறாரா? எந்த ஆண்டிலிருந்து? அவர் அறையிலும் மற்ற அறைகளிலும் கடிபட்டுப் பிரித்துவைக்கப்பட்டவை எத்தனை? பதிவேட்டில் இருக்கும். எடுத்து எண்ணுங்கள். பதிவேட்டில் இல்லாத எண்ணைக் கடிதத்தில் போடாதீர்கள். உத்தேசமாகப் போட்ட ஓர் எண் முழுக் கடிதத்தையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

அடுத்தது வலி. சுண்டெலி வலியை மறைக்கும். தன்னைத் தின்னக்கூடிய எதன் முன்னாலும் நோயைக் காட்டிக்கொள்ளாத இனம் அது. முயல் இன்னும் மோசம். கதவைத் திறந்துகொண்டு ஆராய்ச்சியாளர் உள்ளே வரும்போது எல்லாம் சுறுசுறுப்பாகத்தான் தெரியும். 2010இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழுவினர், வலியில் இருக்கும் சுண்டெலியின் முகத்தை வகுத்துச் சொன்னார்கள்: கண் இடுங்கும், மூக்கும் கன்னமும் புடைக்கும், காது பின்வாங்கும், மீசை நிலை மாறும். அந்த அளவுகோல் இன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் அதைப் பார்க்க, விளக்கை மங்கலாக்கி, அசையாமல் நின்று, அவை நம்மை மறக்கும்வரை காத்திருக்க ஒருவர் வேண்டும். காலைச் சுற்றில் உங்கள் பெரியவர் ஒரு கூண்டின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்? மயிர் சிலிர்த்து, முதுகு கூனி, கூட்டைவிட்டு விலகி மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒன்றை எத்தனை முறை முதலில் கண்டவர் அவர்? ஆய்வுத் திட்டத்தில் ‘எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் ஆய்விலிருந்து நீக்கு’ என்பதுபோல ஒரு கட்டம் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கட்டம் வருவதற்கு முன்பே, “இது இன்று இரவு தாங்காது” என்று அவர் உங்களைத் தொலைபேசியில் எழுப்பியது உண்டா? அந்தத் தேதி, அந்தக் கூண்டு எண், அதன்பின் கால்நடை மருத்துவர் எடுத்த முடிவு என்று அப்படி ஒரே ஒரு நிகழ்ச்சியை முழுதாக எழுதினால், பத்துப் பாராட்டுச் சொற்களுக்கு மேல் நிற்கும்.

ஆராய்ச்சியாளர்களிடமும் கேளுங்கள்: ‘இவர் சொன்னதால் உங்கள் ஆய்வில் மாறியது எது?’ யாராவது ஒருவர், ‘ஒரே ஊசியைப் பல எலிகளுக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தோம், ஒருமுறை குத்தியதுமே முனை மழுங்கிவிடும் என்று அவர்தான் சொன்னார்’ என்பார். இன்னொருவர், ‘மருந்து கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் என் கட்டுப்பாட்டுக் குழுவை இன்னொரு ஆய்வோடு பகிர்ந்துகொள்ளலாமே என்றார்’ என்பார். ரஸ்ஸலும் பர்ச்சும் சொன்ன மூன்று கொள்கைகளில் எது என்று நீங்கள் அடையாளம் காட்டிவிடலாம். அவர் அந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. கட்டுரை எழுதாதவர் என்று தயங்கவும் வேண்டாம். 2010இன் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், ஆய்வு நிலையங்களின் விலங்கு நலக் குழுவில் பராமரிப்புப் பொறுப்பில் இருப்பவருக்கும் இடம் தர வேண்டும் என்கிறது. கூண்டுக்கு அருகில் நிற்பவரின் சொல்லுக்கு எடை உண்டு என்று இந்தத் துறை ஒருவழியாக ஒப்புக்கொண்டிருக்கிறது.

‘ஒருநாளும் விடுப்பு எடுக்காதவர்’ என்பதை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். விலங்குகளுக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லைதான். ஆனால் ஒருவர் 26 ஆண்டுகள் விடுப்பே எடுக்க முடியாமல் போனது அவருடைய கருணைக்குச் சான்றாகாது. ஆள் போதவில்லை என்பதற்குச் சான்று அது. அதை விருதுக்குழுவிடம் சொல்லிப் பயனில்லை, உங்கள் நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.

இனிக் கடைசி அறைக்கு வருகிறேன். அவர் எப்படிக் கொல்கிறார் என்பதைப் பற்றி ஒரு பத்தி இருக்கட்டும். கரியமில வாயுப் பெட்டியில் வாயுவைத் திடுமென்று திறந்துவிடுவதும் உண்டு. அளவுமானியைப் பார்த்து, நிமிடத்துக்குப் பெட்டிக் கொள்ளளவில் 30 முதல் 70 விழுக்காடு என்ற கணக்கில் ஏற்றுவதும் உண்டு. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்லும் வேகம் அது. கூட்டமாக அள்ளிப் போடுவதும் உண்டு. அவை இருந்த கூண்டிலேயே, பழகிய துணையோடு விடுவதும் உண்டு. மூச்சு நின்றதும் போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதயம் நின்றதைத் தொட்டுப் பார்த்து உறுதிசெய்யும்வரை அங்கேயே இருப்பவர்களும் இருக்கிறார்கள். யாரும் பார்க்காத அந்தச் சில நிமிடங்களில் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைவிடப் பெரிய சான்று இந்த விருதுக்கு எனக்குத் தெரியவில்லை. ஜப்பானில் ஆய்வகங்கள் ஆண்டுக்கு ஒருமுறை தம் விலங்குகளுக்காக நினைவஞ்சலி நடத்துகின்றன. ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில், மரபியல் ஆய்வு நிலையம் ஒன்றின் பூங்காவில், கண்ணாடி அணிந்த ஒரு சுண்டெலி டிஎன்ஏ இழையைப் பின்னிக்கொண்டிருப்பதுபோல் 2013இல் சிலை வைத்தார்கள். உங்கள் கூடத்தில் அப்படி ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். பெரியவர் அந்த நாள்களில் என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? பேசாமல் இருப்பாரா, அறையைத் தானே கழுவுவாரா?

இதைக் கேட்பதற்குக் காரணம், அவருடைய ‘வேண்டாம் தம்பி’. அது அடக்கமாக இருக்கலாம். வேறொன்றாகவும் இருக்கலாம். பார்த்துப் பார்த்து வளர்த்ததைத் தன் கையாலேயே முடிக்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்கிறவர்களிடம் ஒரு சோர்வு படிந்துவிடுகிறது. தூக்கம் கெடும், வீட்டில் வேலையைப் பற்றிப் பேச முடியாது, ‘நீங்கள் இரக்கமுள்ளவர்’ என்று யாராவது சொன்னால், உடனே இறந்தவைதான் கண்முன் வரும். இந்தச் சோர்வுக்கு இன்று துறையில் பெயரும் இருக்கிறது, உதவித் திட்டங்களும் வந்திருக்கின்றன. நானும் அதில் இருந்திருக்கிறேன். அந்த நேரத்தில் யாராவது மேடைக்கு அழைத்திருந்தால் போயிருக்க மாட்டேன். எனவே விருதை ஒதுக்கிவைத்துவிட்டு, வேலை முடிந்த நேரத்தில் அவரோடு தனியாக உட்காருங்கள். அவர் பேசட்டும். இடையில் குறிப்பெடுக்காதீர்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். தாம் எந்த இடத்தில் வேலை செய்கிறோம் என்பதை உறவினர்களிடமும் அக்கம்பக்கத்திலும் சொல்லாமல் வைத்திருக்கும் பராமரிப்பாளர்கள் நிறையப் பேர். பெயரும் படமும் வெளிவருவது அவருக்குச் சங்கடமாக இருக்கலாம். படம் வேண்டாம், ஊர் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. அதையும் முன்கூட்டியே விருதுக் குழுவிடம் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் பிறகும் அவர் வேண்டாம் என்றால், அனுப்பாதீர்கள். எழுதியதை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அதில் நகல் ஒன்று அவருடைய பணிக் கோப்பில் இருக்கட்டும். அந்தப் பெண்ணுக்கு நான் செய்யத் தவறியது அதுதான்.

சரி என்றால், துணைக் கடிதங்கள் மூன்று வாங்குங்கள். ஒன்று உங்கள் கால்நடை மருத்துவரிடம். ஒன்று அவரிடம் வேலை கற்ற இளைய பராமரிப்பாளரிடம்; மொழி கரடுமுரடாக இருந்தாலும் திருத்தாதீர்கள், அதுதான் மூன்றிலும் முக்கியமானது. மூன்றாவதை உங்கள் நண்பரிடம் கேளுங்கள், ‘கருணைக்கு விருது வேறா’ என்றவரிடம். அந்தக் கேள்வியையே முதல் வரியாக வைத்துத் தொடங்கச் சொல்லுங்கள். அவரும் பெரியவரோடு ஒரே கூடத்தில் நின்றவர். எழுத ஆரம்பித்தால் அவருக்கும் ஏதாவது ஒரு கூண்டு, ஏதாவது ஒரு காலை நினைவுக்கு வரும்.

உங்கள் கடிதம் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். முடித்ததும், கையெழுத்துப் போடுவதற்கு முன், பெரியவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். பாராட்டும் இடங்களில் அவர் தலையைக் குனிந்துகொள்வார். கூண்டு எண்ணையோ தேதியையோ நீங்கள் தவறாகப் போட்டிருந்தால் நிமிர்ந்து பார்த்துத் திருத்துவார். அதைத் திருத்திவிட்டு அனுப்புங்கள்.